ஓபன் என்ரோல்மென்ட் (ஆண்டுக்கொரு முறை பிளானில் சேர, மாற்றத் தரும் காலம்) முடிந்த பிறகு குழந்தையை கம்பெனி இன்சூரன்ஸில் சேர்க்க முடியுமா? (அமெரிக்கா)

முடியும். ஆனால் பிறந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ஹெச்.ஆரிடம் விண்ணப்பித்துவிட வேண்டும். ஹிப்பா (HIPAA) என்ற அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் தரும் குறைந்தபட்ச அவகாசம் இது. சில கம்பெனிகள் கூடுதலாகத் தருவதுண்டு. இந்த 30 நாளுக்குள் கேட்டால் காப்பீடு பிறந்த தேதியிலிருந்தே செல்லும், பிரசவ வார்டில் குழந்தை பெயரில் வந்த பில்லும் அதில் அடங்கும்.

பலர் கோட்டை விடுவது குழந்தையின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்காக (அரசு தரும் அடையாள எண்) காத்திருந்துதான். அது வர வாரக்கணக்கில் ஆகலாம். பெயர், பிறந்த தேதியை வைத்து முதலில் பதிந்துவிடுங்கள், எண்ணைப் பிறகு கொடுக்கலாம். மருத்துவமனை இன்சூரன்ஸுக்குச் சொல்லிவிடும் என்று நம்பாதீர்கள். அவர்கள் அனுப்புவது பில், விண்ணப்பம் அல்ல.

திருமணம், தத்தெடுப்பு, துணைவரின் வேலை போய் அவர் வழி காப்பீடு நிற்பது, இவற்றுக்கும் இதே 30 நாள். மெடிக்கெய்டு (வருமானம் குறைந்தோருக்கான அரசுக் காப்பீடு) தகுதி போனால் 60 நாள். பிரீமியம் கட்டாமல் விட்டு காப்பீடு போனால் இந்தச் சலுகை கிடையாது. ஊரில் தாலி கட்டிவிட்டு விசாவுக்குக் காத்திருப்பவர்கள் கவனிக்க: 30 நாள் கணக்கு திருமணத் தேதியிலிருந்து ஓடும். துணைவர் அமெரிக்கா வந்திறங்கும் நாளைச் சில கம்பெனிகள்தான் தனி நிகழ்வாக ஏற்கும், முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

இன்னொன்று: மெடிக்கல் பிளான் பல இடங்களில் தானாகத் தொடரும். எஃப்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவு போன்றவற்றுக்கு வரிக்கு முன் சம்பளத்தில் ஒதுக்கும் கணக்கு) பெரும்பாலும் அப்படியில்லை, ஒவ்வோர் ஆண்டும் தொகையைப் புதிதாகப் போட வேண்டும்.