ஆறு புள்ளியா, ஏழு புள்ளியா?

வாசலில் நின்ற பூச்சியின் படத்தை அனுப்பி, இது கரப்பானா, வண்டா என்று கேட்டிருந்தீர்கள். சென்னை நன்மங்கலம் காப்புக்காட்டுப் பக்கம் உங்கள் வாசலில் நின்றது கரப்பான் இல்லை, ஆறுபுள்ளித் தரைவண்டு. அறிவியல் பெயர் ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா. கட்டைவிரல் நீளம், கருப்பு உடம்பு, விறுவிறு ஓட்டம் என்று நீங்கள் சொன்னதெல்லாம் அதற்குத்தான் பொருந்துகிறது.

உங்கள் வீட்டில் கரப்பான் என்று அடம்பிடிப்பவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நம் புதர்க்காடுகளில் ஏழுபுள்ளிக் கரப்பான் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் கருப்பில் வெள்ளைப் புள்ளிதான். எனவே படத்தைப் பெரிதாக்கி எண்ணுங்கள். வண்டுக்குக் கழுத்துப் பக்கம் இரண்டு, முதுகில் நான்கு. முதுகின் நடுவே நேர்கோடு. முன்னால் இடுக்கி மாதிரி தாடை. கரப்பான் சிறியது, உருண்டையானது, தலை வெளியே தெரியாது. அதன் இடது இறக்கையில் நான்கு புள்ளி, வலதில் மூன்று. எத்தனை அழகு!

இந்த வண்டுக்குப் பறக்க வராது, நடந்தேதான் வந்திருக்கும். வறண்ட புதர்க்காடும் புல்வெளியும் அதன் இடம். பக்கத்து மனையில் முள்செடியை வெட்டினார்களா என்று பாருங்கள், அதுவே காரணமாக இருக்கலாம்.

ஒன்று மட்டும்: கையால் பிடிக்காதீர்கள், குழந்தையையும் தள்ளி நிறுத்துங்கள். மிரண்டால் பின்பக்கத்திலிருந்து ஃபார்மிக் அமிலம் பீய்ச்சும், கண்ணில் பட்டால் ஆபத்து. பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே மருத்துவரைப் பாருங்கள். வண்டை அடிக்க வேண்டாம், முறத்தில் தள்ளிப் புதரோரம் விட்டுவிடுங்கள்.