மூட்டை தூக்கும் முதுகும் மகள் கேட்கும் படிப்பும்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணவர் அரிசி மண்டியில் லோடுமேன். ராத்திரி அவருக்கு இடுப்பில் தைலம் தேய்த்துவிடுவது மகள்தான். அந்தப் பெண், சுமை தூக்குகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் 'எக்ஸோசூட்' என்ற உதவி உடையைப் பற்றிய வீடியோவைப் பார்த்ததிலிருந்து "இதைச் செய்யத்தான் படிப்பேன்" என்று நிற்கிறாள். "ஊரே கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்குது, இவ சொல்றதுக்கெல்லாம் வேலை கிடைக்குமா?" என்று நீங்கள் பயப்படுகிறீர்கள்.

பயம் நியாயமானது. ஆனால் அவள் பார்த்தது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் இருக்கும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் பேராசிரியர் கார்ல் செலிக்கின் குழு இதை முதலில் ஓர் உள்ளாடை மாதிரி செய்து பார்த்தது. 2017-ல் வெளிவந்த அவர்களின் சோதனை முடிவுப்படி, குனிந்து எடை பிடிக்கும்போதும் தூக்கும்போதும் கீழ்முதுகுத் தசைகளின் வேலை சராசரியாக 15 முதல் 45 சதவீதம் வரை குறைந்தது. அங்கிருந்து கிளம்பிய ஹீரோவேர் நிறுவனம் 2020-ல் 'அபெக்ஸ்' என்ற உடையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, எடை சுமார் ஒன்றரைக் கிலோ. மேலே ஒரு பை மாட்டுவதுபோலத் தோளில் மாட்டும் சட்டை, கீழே தொடையைச் சுற்றும் பட்டை, இரண்டையும் முதுகுப் பக்கமாக இணைக்கும் எலாஸ்டிக் நாடாக்கள். குனிந்தால் நாடா இழுபடும், நிமிரும்போது அது நம்மை மேலே இழுக்கும். நடக்கும்போதும் உட்காரும்போதும் சுவிட்சைத் தட்டி நாடாவை விடுவித்துக்கொள்ளலாம். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் ஜெர்மன் பயோனிக் நிறுவனம் மோட்டார் வைத்தே செய்திருக்கிறது. ஜப்பானில் இன்னோஃபிஸ் நிறுவனம் காற்றழுத்தத்தில் இயங்கும் செயற்கைத் தசைகளைப் பயன்படுத்தியிருக்கிறது.

எலாஸ்டிக் நாடாவுக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் என்று உங்களுக்குத் தோன்றலாம். இதை மகளிடமே கேளுங்கள், பதினோராம் வகுப்பு இயற்பியலில் திருப்புவிசை படித்திருப்பாள். இருபது கிலோ பெட்டியை இடுப்பிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னால் பிடித்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாங்கும் முதுகுத் தசை, முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டிலிருந்து (டிஸ்க்) சுமார் ஐந்து சென்டிமீட்டர்தான் பின்னால் இருக்கிறது. தூரம் எட்டு மடங்கு என்பதால் தசை 160 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. முன்னால் சாய்ந்திருக்கும் உடம்பின் எடை அதற்கு மேல். அந்த இழுப்பு முழுவதும் தட்டை அழுத்துகிறது. உங்கள் கணவருக்கு வலிப்பது இதனால்தான் என்று நான் சொல்ல முடியாது, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நாடா தசையைவிட இன்னும் பின்னால், தோலுக்கு வெளியே இருக்கிறது. அதே உதவியைக் குறைந்த இழுப்பில் செய்துவிடுகிறது, அதனால் தட்டின் மேல் வரும் அழுத்தமும் குறைகிறது. இந்தக் கணக்கு பிடித்திருந்தால், இந்தத் துறையின் அடிப்படை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி, வீடியோவில் வராத பக்கம். இந்த உடைகள் பெரும்பாலும் குடோனில் பெட்டியைக் குனிந்து எடுத்து முன்னால் பிடித்து அடுக்குகிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை. நம் மண்டியில் வேலை அப்படி நடப்பதில்லை. இரண்டு பேர் தூக்கிவிட, ஒருவர் முதுகிலோ தலையிலோ மூட்டையை வாங்கிக்கொண்டு லாரிப் பலகையில் ஏறுகிறார். மேலிருந்து நேராக இறங்கும் அந்தப் பாரத்தை முதுகுப்பக்க நாடா பெரிதாகக் குறைக்காது. வெயில் இன்னொன்று. சித்திரை மாதத்தில் பனியனையே கழற்றிப் போட்டு வேலை செய்கிறவர், தோளையும் தொடையையும் இறுக்கும் உடையை எத்தனை மணி நேரம் போட்டிருப்பார்? மூட்டைக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அது கொஞ்சம் வேகத்தைக் குறைத்தாலும் மத்தியானத்துக்குள் கழற்றி மூலையில் போட்டுவிடுவார்.

இதையெல்லாம் சொல்லி அவள் மனதை மாற்றப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். நாஷ்வில்லில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு மண்டியின் பலகையும் வியர்வையும் மூட்டைக் கூலியும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் மகளுக்கு அவை வீட்டுச் சமாசாரம். சும்மாட்டைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் தலையில் சுமந்தவராகத்தான் இருந்திருப்பார். எனக்கு இந்தப் பெண்ணின் ஆசைமேல் நம்பிக்கை வருவது இந்த இடத்தில்தான்.

சரி, என்ன படிப்பது? இளங்கலையிலேயே எக்ஸோசூட்டைத் தேடிப் போகாதீர்கள். புதுப் பெயர் போட்ட கோர்ஸ் என்று யாராவது காட்டினால், அதில் மெக்கானிக்ஸ், பொருள் அறிவியல், உடற்கூறு எவ்வளவு சொல்லித்தருகிறார்கள் என்று பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். என் முதல் தேர்வு மெக்கானிக்கல். இந்தத் துறைக்கு வேண்டிய விசைக் கணக்கு அதில்தான் ஆழமாக வருகிறது. பின்னால் அவள் மனம் மாறினாலும் கதவுகள் மூடாது. "பெண்பிள்ளைக்கு மெக்கானிக்கலா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். பயோமெடிக்கல் என்ற பெயர் பொருத்தமாகத் தெரிந்தாலும், அதை முடித்த என் மாணவர்களில் பலர் ஆஸ்பத்திரிக் கருவிகளின் விற்பனைக்கும் சர்வீசுக்கும்தான் போனார்கள். அது கெட்ட வேலை இல்லை, உங்கள் மகள் கேட்கும் வேலை அது இல்லை, அவ்வளவுதான்.

யாரும் யோசிக்காத ஒரு வழி, டெக்ஸ்டைல் டெக்னாலஜி. இது கடைசியில் ஓர் உடைதானே. தொடைப்பட்டை மேலே நழுவாமல் இருப்பது, வியர்வை வெளியேறுவது, நூறு துவையலுக்குப் பிறகும் நாடா தளராமல் இருப்பது எல்லாம் துணியின் பிரச்சினை. கோவையில் பி.எஸ்.ஜி., குமரகுரு கல்லூரிகளில் இந்தப் படிப்பு இருக்கிறது. அங்கேயே உள்ள சிட்ரா ஆராய்ச்சி நிறுவனம் மருத்துவத் துணிகளுக்கான சிறப்பு மையத்தையும் நடத்துகிறது.

வேலையைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். எக்ஸோசூட் மட்டுமே செய்யும் வேலை இன்று தமிழ்நாட்டில் மிகக் குறைவு. ஆனால் தொழிலாளியின் உடம்புக்கு ஏற்ப வேலையை அமைக்கும் எர்கோனமிக்ஸ், அதோடு ஒட்டிய தொழிற்சாலைப் பாதுகாப்பு, இவற்றுக்கு ஆள் தேவை. ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் பாதுகாப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. திருச்சி என்.ஐ.டி.யில் தொழிற்பாதுகாப்புப் பொறியியலில் எம்.டெக். உண்டு. ஆராய்ச்சிக்குப் போக விரும்பினால், சென்னை ஐ.ஐ.டி.யின் டி.டி.கே. மறுவாழ்வு ஆராய்ச்சி மையத்தை அவள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். உட்கார்ந்தவரை எழுந்து நிற்கவைக்கும் 'அரைஸ்' சக்கர நாற்காலி அங்கே பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் குழுவிலிருந்து வந்தது.

இந்தத் துறையில் போகிறவளுக்கு ஒரு நேர்மையும் வேண்டும். ஒரு காலத்தில் அமெரிக்கக் கடைகளில் தொழிலாளர்களுக்கு இடுப்பு பெல்ட்டை அள்ளிக்கொடுத்தார்கள். நியோஷ் என்ற அந்நாட்டு அரசு ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து, அதனால் முதுகுக் காயமோ வலியோ குறைந்ததற்கு ஆதாரமில்லை என்று 2000-ல் சொன்னது. எக்ஸோசூட்டுக்கும் அதே கேள்வி உண்டு, ஆய்வகத்தில் தசை இளைப்பாறுவது வேறு, பத்து வருடத்தில் வலி குறைவது வேறு. அதே நியோஷின் கணக்குப்படி, எல்லாம் சாதகமாக இருக்கும்போதே ஒருவர் தூக்கப் பரிந்துரைக்கும் அளவு 23 கிலோதான். ஐம்பது கிலோ மூட்டையைச் சின்னதாக்குவதும் தள்ளுவண்டி வைப்பதும் முதலில், உடை அதற்கு அப்புறம். தன் கருவியே வேண்டாம் என்று சொல்லவும் அவள் தயாராக இருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் விண்ணப்பியுங்கள். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். கணவர் உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா? பதிந்திருந்தால் பிள்ளைகளுக்கான கல்வி உதவிக்கும் கேளுங்கள்.

கவுன்சலிங் தொடங்கும் முன் ஒரு வேலை. அப்பாவோடு ஒரு வாரம் காலையில் மண்டிக்கு அனுப்புங்கள். ஒரு மணி நேரத்தில் அவர் எத்தனை முறை குனிகிறார், எந்த இடத்தில் மூச்சுப் பிடிக்கிறார், எப்போது இடுப்பில் கை வைக்கிறார் என்று அவள் நோட்டில் எழுதட்டும். அப்பா சம்மதித்தால் பக்கவாட்டிலிருந்து செல்போனில் வீடியோவும் எடுக்கட்டும். மூன்றாம் நாளே சலித்துவிட்டால் வேறு படிப்பைப் பார்ப்போம், அதில் ஒரு தவறும் இல்லை. ஏழாம் நாளும் எழுதிக்கொண்டிருந்தால் அந்த நோட்டோடு மூன்று பேரும் என்னைப் பார்க்க வாருங்கள். விருப்பப் பட்டியலை உட்கார்ந்து சேர்ந்தே போடுவோம்.