கேடட்டாகக் கப்பலேறும் மகன்: படிப்பது எப்போது, தூங்குவது எப்போது?

அன்புள்ள அம்மா,

டிஎன்எஸ் என்ற ஓராண்டுக் கப்பல்துறை டிப்ளமோ படிப்பை முடித்துவிட்டு அடுத்த மாதம் சரக்குக் கப்பலில் டெக் கேடட்டாக, அதாவது கப்பலை ஓட்டும் அதிகாரியாவதற்கான பயிற்சியாளராக, ஏறப்போகும் மகனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். புயல், கடற்கொள்ளையர், சாப்பாடு, போன் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் "அவன் படிக்கப் போகிறானா, வேலைக்குப் போகிறானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டவற்றிலேயே முக்கியமான கேள்வி அதுதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டுக்கும்தான் போகிறான். மாதாமாதம் அவனுக்கு வருவது அதிகாரியின் சம்பளமல்ல, பயிற்சிக்கான ஸ்டைபண்ட், அதாவது உதவித்தொகை. டிஎன்எஸ் மாணவர் வகுப்பறை முடிந்தபின் 18 மாதக் கடற்பயிற்சியை முடித்தால்தான் அதிகாரியாவதற்கான முதல் தேர்வான செகண்ட் மேட் தேர்வுக்கு உட்கார முடியும். கப்பலில் இருந்த நாட்கள் மட்டுமே இதில் சேரும். நடுவே வீட்டுக்கு வந்து தங்கும் நாட்கள் கணக்கில் வராது. ஆனால் கப்பல் என்பது கல்லூரி இல்லை. சரக்கை ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்குவதுதான் அதன் பிழைப்பு. இருபது, இருபத்தைந்து பேர் சேர்ந்து ஓட்டும் அந்த இடத்தில், "தம்பி, உட்கார்ந்து படி" என்று நேரம் ஒதுக்கித் தர யாரும் இருக்க மாட்டார்கள். படிப்பை அவன்தான் அந்த வேலைக்குள்ளிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கவலை இந்த இடத்தில் இருந்தால் அது நியாயமான கவலை.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். கப்பலில் பகலும் இரவும் நான்கு நான்கு மணி நேர வாட்ச்களாக, அதாவது பணி முறைகளாக, பிரிந்திருக்கும். பல கப்பல்களில் 4 முதல் 8 மணி வரையிலான வாட்ச், கேப்டனுக்கு அடுத்த டெக் அதிகாரியான சீஃப் ஆபீசருடையது. கேடட்டை அவருடன் நிறுத்துவது வழக்கம். அதிகாலை மூன்றரைக்கு எழுந்து பிரிட்ஜுக்கு, அதாவது கப்பலை ஓட்டும் மேல்தள அறைக்கு, ஏறினால் உள்ளே விளக்கெல்லாம் அணைந்திருக்கும். கண் இருட்டுக்குப் பழகவே சில நிமிடம் ஆகும். ரேடாரில் தெரியும் புள்ளி எந்தப் பக்கம் போகிறது, அந்தக் கப்பலுக்கு நாம் வழிவிட வேண்டுமா, அது நமக்கு வழிவிட வேண்டுமா என்று ஆபீசர் கேட்பார். இதற்கான பதில் 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் இருக்கிறது. வகுப்பில் மனப்பாடம் செய்த அந்த விதியை, எதிரே வரும் உண்மையான விளக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும். விடியும் முன் அடிவானமும் நட்சத்திரமும் சேர்ந்து தெரிகிற சிறிது நேரம் உண்டு. செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் கருவியை எடுத்து நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து, கணக்குப் போட்டு, கப்பல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதை அப்போதுதான் பழக முடியும். ஜிபிஎஸ் இருக்கும்போது இது எதற்கு என்று தம்பியே கேட்கலாம். தேர்வில் கேட்பார்கள் என்பது ஒரு காரணம். கருவி பொய் சொல்லும்போது அதைக் கண்டுபிடிக்கும் ஆள் தேவை என்பது பெரிய காரணம்.

எட்டு மணிக்குக் காலை உணவு. அதன்பின் பெரும்பாலும் டெக் தொழிலாளர்களின் தலைவரான போசனோடு டெக்கில் வேலை. துரு தட்டுவது, பெயின்ட் அடிப்பது, கயிறு சரிபார்ப்பது, டாங்குகளில் சவுண்டிங் எடுத்து எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று குறிப்பது. "இன்ஜினியரிங் படிக்க வேண்டிய பிள்ளை சுத்தியலோடு துரு தட்டுகிறானே" என்று பல பெற்றோர் என்னிடம் வருத்தப்படுகிறார்கள். வருத்தப்பட வேண்டாம். நாளை இதே டெக்கில் மற்றவர்களுக்கு வேலை சொல்லப்போகிறவன் அவன். எந்த வேலைக்கு எத்தனை மணி நேரமாகும், எது ஆபத்து என்பது தன் கையால் செய்தவனுக்குத்தான் தெரியும். மாலை 4 மணிக்கு மறுபடி பிரிட்ஜ் வாட்ச். துறைமுகத்துக்குள் போனால் இந்த ஒழுங்கெல்லாம் மாறிவிடும்: துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஏறுவதற்கு ஏணி கட்டுவது, சரக்கு ஏறும்போது டிராஃப்ட் (கப்பல் தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்ற அளவு) பார்ப்பது, கப்பலில் ஏறி இறங்கும் வழியான கேங்வேயில் காவல் நிற்பது என்று இரவு பகல் பாராமல் போகும். ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்ற ஆசையோடு போகிறான் என்றால், அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

துரு தட்டுவது நல்லதுதான் என்றேன். ஆனால் மாதக்கணக்கில் அது மட்டுமே என்றால் நல்லதல்ல. கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேச உடன்படிக்கை, பயிற்சிக் காலத்தில் குறைந்தது ஆறு மாதம் தகுதியுள்ள அதிகாரியின் மேற்பார்வையில் பிரிட்ஜ் வாட்ச் செய்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஆகவே போனில் பேசும்போது "சாப்பிட்டியா?" என்பதோடு "இந்த மாசம் பிரிட்ஜில் நின்னியா?" என்றும் கேளுங்கள். இல்லை என்றால் சீஃப் ஆபீசரிடம் மரியாதையாகக் கேட்டு வாங்க வேண்டியது அவன் பொறுப்பு.

இன்னொன்று டிரெய்னிங் ரெகார்டு புக் என்ற பயிற்சிப் பதிவேடு. எந்த வேலையைச் செய்தான், எப்போது, யார் முன்னிலையில் என்பதெல்லாம் அதில் பதிவாகி, ஆபீசரின் கையெழுத்து விழ வேண்டும். கேப்டனும் அவ்வப்போது பார்த்துக் கையெழுத்திடுவார். பையன்கள் சறுக்கும் இடம் இதுதான். முதல் மூன்று மாதம் களைப்பு, அடுத்த மூன்று மாதம் "அப்புறம் எழுதிக்கலாம்". அதற்குள் கற்றுக்கொடுத்த ஆபீசர் பணிக்காலம் முடிந்து சைன் ஆஃப் ஆகி வீட்டுக்குப் போய்விடுவார். புதிதாக வந்தவர், தான் பார்க்காத வேலைக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவார்? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு மணி நேரம் அந்தப் புத்தகத்துக்கு என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பல கப்பல்களில் ஞாயிறு வேலை கொஞ்சம் குறைவாகவே இருக்கும். தினமும் வாட்ச் முடிந்ததும் பாக்கெட் நோட்டில் நாலு வரி குறித்துவைத்தால், ஞாயிறன்று யோசித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லியாக வேண்டும். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்தப் பத்து மணி நேரத்தை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது. ஒரு துண்டு ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். இந்தக் கணக்கை எழுதி, அதில் தம்பியிடமும் கையெழுத்து வாங்குவார்கள். ஓய்வில்லாமல் வேலை செய்த நாளுக்கு ஓய்வெடுத்ததாக எழுதியிருந்தால் அவன் கையெழுத்துப் போடக் கூடாது. முதலில் ஆபீசரிடம் சொல்ல வேண்டும். அவர் சொல்லுக்கு மறுவார்த்தை பேசுவது புதுப் பையனுக்குக் கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை ஏறுவதற்கு முன்பே வீட்டில் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள் என்கிறேன். அவன் கிடைத்த ஓய்வையும் போனில் கரைத்துவிடக் கூடாது. இப்போது நிறையக் கப்பல்களில் செயற்கைக்கோள் இணையம் நன்றாகவே கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் அதிகாலை மூன்றரைக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு பன்னிரண்டு வரை வீடியோ காலில் இருந்தால், மறுநாள் டெக்கில் கால் தவறும். தினமும் கூப்பிடு என்று சத்தியம் வாங்காதீர்கள்.

புயலைப் பற்றி: வானிலை அறிக்கை தொடர்ந்து வந்துகொண்டேயிருக்கும், பெரிய காற்றைச் சுற்றிக்கொண்டு போவார்கள். முதல் சில நாள் வாந்தி வரலாம், உடம்பு பழகிவிடும். கடற்கொள்ளை, போர்ப் பகுதி என்பது கப்பல் போகும் பாதையைப் பொறுத்தது. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின் ஏராளமான கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. அப்படிப்பட்ட பகுதிக்குப் போக நேர்ந்தால் என்ன உரிமை என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. மூடிய இடங்கள். சரக்கு அறை, டாங்க், நங்கூரச் சங்கிலி கிடக்கும் அறை போன்றவை. இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். நிலக்கரி, மரக்கட்டை போன்ற சரக்குகளும் அப்படியே. உள்ளே பார்த்தால் ஒன்றும் தெரியாது, வாடையும் இருக்காது. இறங்கியவன் இரண்டு மூச்சில் சரிந்துவிடுவான். மேலே நிற்பவன் பதறி, நண்பனைத் தூக்க இறங்குவான், அவனும் விழுவான். கடலில் இப்படித்தான் இரட்டைச் சாவுகள் நடக்கின்றன. உங்கள் மகன் இளகிய மனம் உள்ளவன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவன்தான் இரண்டாவதாக இறங்குவான். காற்றை அளந்து, உள்ளே போக அனுமதிக்கும் பெர்மிட் எழுதி, வெளியே ஆள் நிறுத்தாமல் எந்த மூடிய இடத்திலும் கால் வைக்கக் கூடாது. யாராவது விழுந்து கிடந்தால் அலாரம் அடிக்க வேண்டுமே தவிர தானாக இறங்கக் கூடாது. இதை அம்மா வாயால் ஒருமுறை சொல்லுங்கள். வகுப்பில் கேட்டிருப்பான். நீங்கள் சொன்னால் அந்த நொடியில் நினைவுக்கு வரும்.

சாப்பாடு கம்பெனி செலவுதான், பிடித்தம் கிடையாது. சமையல்காரர் எந்த ஊர் என்பதைப் பொறுத்து ருசி மாறும். இட்லிப்பொடி கொஞ்சம் கொடுத்துவிடுங்கள், போதும். சரக்குக் கப்பலில் டாக்டர் இருக்க மாட்டார். பெரும்பாலும் செகண்ட் ஆபீசர் பொறுப்பில் மருந்து இருக்கும், கரையிலுள்ள மருத்துவரை வானொலியிலோ போனிலோ கேட்டுச் சிகிச்சை தருவார்கள். அதனால் பல்வலி இருந்தால் இப்போதே பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நடுக்கடலில் பல்வலி வந்தால் அது ஒரு தனிக் கொடுமை.

போனில் கப்பலைக் காட்டும் செயலியை நீங்கள் இறக்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். கரையிலுள்ள ஆன்டெனாக்கள் சில பத்துக் கடல் மைல் தூரம் வரைதான் கப்பலின் சிக்னலைப் பிடிக்கும். கப்பல் நடுக்கடலுக்குப் போனதும் இலவசச் செயலியில் பழைய இடத்திலேயே நின்றுவிடும். பிரேசிலில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு சீனாவுக்குப் போகும் கப்பல் ஒரு மாதத்துக்கும் மேலாக இப்படித்தான் இருக்கும். புள்ளி நகரவில்லை என்றால் கப்பலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. அதற்குப் பதில், கப்பலின் பெயர், அதன் அடையாள எண்ணான ஏழு இலக்க ஐஎம்ஓ எண், கம்பெனி அலுவலகத்தின் தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கரையில் இருந்துகொண்டு கப்பலின் பாதுகாப்பைக் கவனிக்க ஒவ்வொரு கம்பெனியும் ஒருவரை நியமித்திருக்க வேண்டும். அவரை டிபிஏ என்பார்கள். அவருடைய எண் கப்பலிலேயே ஒட்டியிருக்கும். சீனியர் யாராவது கை நீட்டினாலோ, கேவலமாக நடத்தினாலோ கேப்டனிடமும், அங்கே தீராவிட்டால் டிபிஏவிடமும் புகார் சொல்லலாம். ஏறிய முதல் நாளே அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வேலை வாங்கித் தந்த ஏஜென்ட் "மீதிப் பணம்" கேட்கிறார் என்று எழுதியிருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. கப்பலில் ஏற்றிவிடுவதற்காக மாலுமியிடம் பணம் வாங்க விதி இடம் தரவில்லை. அந்த நிறுவனத்துக்கு, மாலுமிகளை வேலைக்கு அமர்த்துவதற்கான ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா என்று, மத்திய அரசின் கப்பல்துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங்கின் இணையதளத்தில் உரிம எண்ணை வைத்துப் பாருங்கள். பார்க்கும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பிளஸ் ஒன் படிக்கும் மகளும் அண்ணனைப் போலப் போக ஆசைப்படுவதாகச் சொன்னீர்கள். தாராளமாக. இந்திய வணிகக் கப்பலின் கேப்டன் ராதிகா மேனன் 2015 ஜூனில் வங்கக் கடலில் தத்தளித்த படகிலிருந்து ஏழு மீனவர்களைக் காப்பாற்றி, மறு ஆண்டு சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வீர விருதைப் பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர். மகளுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சேர்ந்து சராசரி 60 சதவீதமும், பத்தாவது அல்லது பன்னிரண்டாவதில் ஆங்கிலத்தில் 50 சதவீதமும் வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நடத்தும் பொது நுழைவுத் தேர்வையும் எழுத வேண்டும். பெண்களுக்கு வயது வரம்பில் தளர்வு உண்டு. டெக் பிரிவுக்குக் கண்ணாடி போடாமலே நன்றாகத் தெரியும் பார்வையும் நிறங்களைப் பிரித்தறியும் திறனும் கட்டாயம். பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு, டிஜி ஷிப்பிங் அங்கீகரித்த மருத்துவரிடம் கண்ணைக் காட்டி அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.