நிறைவேற்று அதிகாரியின் பணிநீக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இலங்கையில் பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட ஒரு தொழில்வாண்மையாளர் நிறுவகத்தில் பிரதான நிறைவேற்று அதிகாரியாக இருந்தேன். புதிய பேரவை பொறுப்பேற்றதும், ஒப்பந்தத்தில் உள்ளபடி மூன்று மாதச் சம்பளத்தைத் தந்து, காரணம் கூறாமல் நீக்கிவிட்டது. பணிநீக்க முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் நியாயசபை என் போன்றவர்களுக்கு உரியதா?

பதில்: உரியதே. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம், தொழில்தருநருடன் செய்த ஒப்பந்தத்தின் கீழ் எந்தத் தகைமையில் பணிபுரிபவரையும் 'வேலையாள்' என்றே கொள்கிறது. முகாமையாளர்களை விலக்கிவைக்கும் இந்தியச் சட்டத்தைப் படித்துவிட்டு, இங்கும் அப்படித்தான் என எண்ணி ஒதுங்கிவிடுவோர் உண்டு. அரசாங்கமே தொழில்தருநராக இருந்தால் இச்சட்டம் பொருந்தாது; ஆனால் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது என்பதால் மட்டும் ஒரு நிறுவகம் அரசாங்கமாகிவிடாது. தெரிவுசெய்யப்படும் கௌரவத் தலைவரின் நிலை வேறு, அவர் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவர் அல்லர்.

மூன்று மாதச் சம்பளம் தந்ததோடு விடயம் முடிந்தது எனப் பேரவை வாதிடலாம். ஆனால் ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டிருந்தாலும் நியாயசபை நிவாரணம் வழங்கலாம் என்று 31ஆ பிரிவு கூறுகிறது. பணிநீக்கத்தை ஒப்புக்கொள்ளும் தொழில்தருநரே முதலில் சாட்சியம் அளித்து அதனை நியாயப்படுத்த வேண்டும் என்பதால், குற்றப்பத்திரமோ உள்ளக விசாரணையோ இன்றி ஒரே கூட்டத் தீர்மானத்தால் உங்களை நீக்கிய பேரவைக்கு அது இலகுவாக இராது. அத்தீர்மானம் பதிவான கூட்டறிக்கையின் பிரதியை வழக்கின்போது கோருமாறு உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். 'நம்பிக்கை இழப்பு' எனப் பின்னர் கூறப்படும் காரணம் அன்று பேசப்பட்டதா என்பது அதிலேயே தெரியவரும்.

கேள்வி: பேரவைக்கு மேன்முறையீடு அனுப்பி நான்கு மாதங்களாகின்றன. பதில் வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்காதீர்கள். பணி முடிவுறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பம் தாக்கல் செய்யப்பட வேண்டும். மேன்முறையீடு நிலுவையில் இருப்பது அக்காலத்தை நீட்டித்துத் தரும் என நம்பியிருக்க வேண்டாம்.

கேள்வி: மாவட்ட நீதிமன்றத்தில் ஒப்பந்த மீறலுக்கு வழக்குத் தொடர்ந்து, அது தோற்றால் நியாயசபைக்குப் போகலாமா?

பதில்: முடியாது. முதலில் வேறு சட்டப் பரிகாரத்தை நாடியவருக்கு அதே விடயத்தில் நியாயசபையின் கதவு மூடப்படும். எங்கு செல்வது என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானியுங்கள்.

கேள்வி: 'இராஜினாமா செய்யுங்கள், இல்லாவிட்டால் விசாரணை' என்றார்கள், கையெழுத்திட்டுவிட்டேன். பழைய பதவி மீளக் கிடைக்குமா?

பதில்: இங்கே சுமை உங்கள் பக்கம் திரும்புகிறது, அந்த இராஜினாமா வற்புறுத்திப் பெறப்பட்டது என நீங்களே நிரூபிக்க வேண்டும். அன்றைய மின்னஞ்சல்களும், கடிதத்தின் வரைவைத் தயாரித்தவர் யார் என்பதும் பெறுமதியான சான்றுகள். நியாயசபை நீதியும் ஒப்புரவுமான கட்டளையைப் பிறப்பிக்கும். எனினும், பேரவையுடன் அன்றாடம் இணைந்து இயங்கவேண்டிய உயர்பதவியில் மீள அமர்த்தப்படுவதை விட நட்டஈட்டை எதிர்பார்ப்பதே நடைமுறைக்கு உகந்தது என்பது என் கருத்து.

கேள்வி: ஒன்பது வருடச் சேவைக்கான பணிக்கொடையையும் நிறுத்திவைத்துள்ளனர்.

பதில்: ஐந்து வருடச் சேவை பூர்த்தியானவருக்கு, நிறுவகத்தில் பதினைந்து பேருக்குக் குறையாமல் பணிபுரிந்திருந்தால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி அது முப்பது நாட்களுக்குள் செலுத்தப்பட வேண்டும். மோசடி, கையாடல், வேண்டுமென்றே விளைவித்த சேதம் போன்றவற்றுக்காக நீக்கப்பட்டிருந்தால் மட்டுமே, அதுவும் ஏற்பட்ட இழப்பின் அளவுக்கே, பிடித்துக்கொள்ளலாம். தொழில் திணைக்களத்தில் உடனே முறையிடுங்கள்.