நம்பிக்கை வரும்வரை சுவர் இருக்கட்டும்

கேள்வி: வடக்கு அயர்லாந்தில் 1998-லேயே சமாதான ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். ஆனாலும் பெல்ஃபாஸ்ட்டில் கத்தோலிக்கர் தெருவுக்கும் புராட்டஸ்டன்ட் தெருவுக்கும் நடுவே நிற்கும் சுவர்களை இடிக்க அங்கே குடியிருப்பவர்களே சம்மதிப்பதில்லையாம். மனசில் பகை அப்படியே இருந்தால் ஒப்பந்தத்துக்கு என்ன மதிப்பு?

பதில்: நிறைய மதிப்பு இருக்கிறது. நீங்கள் பகை என்று சொல்வது பயம்.

பாம்பே ஸ்ட்ரீட் என்று பெல்ஃபாஸ்ட்டில் ஒரு கத்தோலிக்கத் தெரு. 1969 ஆகஸ்டில் பக்கத்துப் பகுதியிலிருந்து வந்த கூட்டம் அதைக் கொளுத்தியது. இன்று அங்கே சுவரை ஒட்டிய வீடுகளின் கொல்லைப்புறத்தில், மேலிருந்து கல் விழாமல் இருக்கக் கம்பி வலையைக் கூண்டு மாதிரி போட்டிருக்கிறார்கள். அதற்குள் துணி காயப்போடுகிற பெண்ணிடம் போய் 'ஒப்பந்தம்தான் ஆகிவிட்டதே, சுவர் எதற்கு' என்று கேட்க எனக்கு வாய் வராது. 15 லட்சம் சொச்சம் பேர் இருந்த வடக்கு அயர்லாந்தில் முப்பது வருடத்தில் சுமார் 3,500 பேர் செத்தார்கள். பெயரையும் படித்த பள்ளியையும் கேட்டு எதிராளி எந்தப் பக்கம் என்று கணக்குப் போடும் பழக்கம் அப்படி வந்ததுதான், கையெழுத்துப் போட்ட மறுநாள் அது போய்விடாது.

அந்த ஒப்பந்தத்தை எழுதியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒருவரையொருவர் நம்புங்கள் என்று அவர்கள் யாரையும் கேட்கவில்லை, நம்பாதவர்களும் சேர்ந்து இருக்க வழி செய்தார்கள். முதல் அமைச்சருக்கும் துணை முதல் அமைச்சருக்கும் ஒரே அதிகாரம். ஒருவர் விலகினால் இன்னொருவர் பதவியும் போகும். இதனாலேயே ஆட்சி பலமுறை முடங்கியது, 2017-லிருந்து மூன்று வருடம் அமைச்சரவையே இல்லை, ஆனால் பழைய போர் திரும்பவில்லை. கத்தோலிக்கர் பக்கத்து ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. தன் ஆயுதங்களை ஒழித்தபோதும் அப்படித்தான்: சொன்னால் எதிர்த்தரப்பு நம்பாது என்பதால் கனடாக்காரரான ஜெனரல் ஜான் டி ஷஸ்டலான் மேற்பார்வை பார்த்தார், 2005-இல் ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் ஒரு மெதடிஸ்ட் போதகரும் பக்கத்தில் நின்று சாட்சி சொன்னார்கள். புராட்டஸ்டன்ட் தலைவர் இயன் பெய்ஸ்லிக்கு அதுவும் போதவில்லை, போட்டோ கேட்டார், கிடைக்கவில்லை. அதே பெய்ஸ்லிதான் 2007-இல் முன்னாள் ஐ.ஆர்.ஏ. தளபதி மார்ட்டின் மெக்கின்னஸோடு ஆட்சியில் உட்கார்ந்தார், இரண்டு பேரும் மேடையில் சேர்ந்து சிரித்தார்கள். சேர்ந்து வேலை பார்த்த பிறகுதான் அந்தச் சிரிப்பு வந்தது, முதலிலேயே மனசு மாறி வரவில்லை.

சரி, கோபப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் முதல் பள்ளியான லேகன் கல்லூரி 1981-இல் 28 மாணவர்களோடு ஆரம்பித்தது. இத்தனை வருடம் கழித்தும் அப்படிப்பட்ட பள்ளிகளில் படிப்பவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிள்ளைகளைத் தனித்தனியாக வளர்த்துவிட்டு, பெரியவர்களான பிறகு ஏன் சந்தேகப்படுகிறாய் என்றால் என்ன அர்த்தம்? சுவர்களை 2023-க்குள் எடுத்துவிடுவோம் என்று 2013-இல் வாக்குக் கொடுத்ததும் அங்குள்ள அரசுதான். உங்கள் கேள்வியை அவர்களிடம் கேளுங்கள். கம்பி வலைக்குள் இருப்பவர்களை விட்டுவிடுங்கள்.