பிரதேச சபைக் காணியைக் கமக்காரருக்குக் குத்தகைக்கு விடுவது வன்னியில் சரிவருமா?

சரிவரும். ஆனால் ஒரு வருடக் குத்தகை என்றால் வராது. நான் எடுத்துச் செய்து பார்த்தவன்.

எங்கள் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து கிளிநொச்சிக்கு வந்தது. இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயற்காணிகள் அதற்கு எவ்வளவோ முன்பே பகிர்ந்து முடிந்துவிட்டன. அப்பாவும் அம்மாவும் கடைசிவரை பிறத்தியார் வயலில் கூலிக்கு நின்றார்கள். அதனால் சந்தைக்குப் பின்னால் சும்மா கிடந்த ஒன்றரை ஏக்கரைச் சபை குத்தகைக்கு விடப்போகிறது என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய் விண்ணப்பம் கொடுத்தேன்.

காணியில் பார்த்தீனியம் இடுப்பளவு நின்றது. மண்ணோ கிரவல் கலந்தது, மண்வெட்டி இறங்காது. தெரிந்த ஒருவரின் மாட்டுப் பட்டியைக் கேட்டு, மூன்று கிழமை இரவில் இடம் மாற்றி மாற்றி அங்கேயே அடைத்தோம். அதற்குமேல் நாலு லோட் எருவும் பறித்தோம். சுற்றிவர வேலிக்குக் கிளுவைக் கதியால் நட்டோம். காலபோக மழையோடு உளுந்து விதைத்தோம். போட்ட காசு மட்டும்தான் திரும்பி வந்தது. அதில் எனக்குக் கவலை இல்லை, மண் கறுத்து வந்திருந்தது. கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிர்ந்தது.

கதியால் துளிர்த்து நிற்கும்போது ஒரு வருடத் தவணை முடிந்தது. திரும்பக் கேள்விப்பத்திரம் கோரினார்கள், கூடத் தொகை போட்டவருக்குக் காணி போனது. அவர் தானும் செய்யவில்லை, வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டார்.

சந்தைக் கடையறையை அப்படி வருடாவருடம் விடலாம். தோட்டக் காணியில் முதல் வருட உழைப்பு முழுக்க மண்ணுக்குள் போகிறது. உளுந்து இரண்டரை மாதம், கச்சான் மூன்றரை மாதம், சரி, இவை ஒரு வருடத்துக்குள் அடங்கும். பப்பாசி நட்டால் முதல் காய் பறிக்கவே எட்டு ஒன்பது மாதம். ஒரு வருடத் துண்டை நம்பி யார் பப்பாசி நடுவார்?

வன்னியில் வெறுங்காணியில் பெரும்பகுதி சபையினது அல்ல, அரச காணி. அதைப் பிரதேச செயலகத்தில்தான் கேட்கவேண்டும். 1947ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டத்தில் வருடாந்த அனுமதிப்பத்திரமும் உண்டு, 30 வருட நீண்டகாலக் குத்தகையும் உண்டு. எங்களுக்கு 30 வேண்டாம், ஐந்து வருடம் எழுதித் தந்தால் போதும். அதுவும் அந்தக் கிராம சேவையாளர் பிரிவில் இருக்கிற, காணி இல்லாத குடும்பத்துக்கு முதலில். 2022 ஜூனில், உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்துத் தோட்டம் செய்யச் சொன்னார்கள். தோட்டவேலை தெரிந்தும் ஒரு துண்டு நிலமில்லாத குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன. இன்றும் இருக்கின்றன.

நீங்கள் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால், கையெழுத்துக்கு முன் எத்தனை வருடம், கைமாற்றத் தடை உண்டா என்று கேளுங்கள். கிணறு வெட்டினாலோ வேலி போட்டாலோ போகும்போது அதற்குக் காசு தருவார்களா என்றும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.