உட்கருவில் நகரும் அணுக்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பூமியின் மையத்தில் இருக்கும் உட்கருவில் இரும்பு அணுக்கள் இடம் மாறுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். உட்கரு திடம் என்றும் சொல்கிறீர்கள். அணு நகர்ந்தால் அது எப்படித் திடம்? யாரும் போய்ப் பார்க்காத இடத்தைப் பற்றிக் கம்ப்யூட்டர் சொல்வதை எப்படி நம்புவது?

எஸ்.ஆர்.

அன்புள்ள எஸ்.ஆர்.,

எந்தத் திடப்பொருளிலும் அணுக்கள் அதிர்ந்துகொண்டேதான் இருக்கும், சூடு ஏறினால் அவ்வப்போது பக்கத்து இடத்துக்குத் தாவவும் செய்யும். அணுக்கள் ஒழுங்காக நிற்கும் படிக அடுக்கு குலையாதவரை அது திடம்தான்.

இரண்டாவது கேள்விதான் ருசியானது. கம்ப்யூட்டர் செய்வது இதுதான்: ஒவ்வொரு அணுவின் மீதும் மற்றவை செலுத்தும் விசையைக் கணக்கிட்டு, நியூட்டன் விதிப்படி அதை இம்மியளவு நகர்த்தும். பிறகு மறுபடியும் கணக்கு. ஒரு நகர்வுக்குச் சுமார் ஒரு ஃபெம்டோ வினாடி, அதாவது வினாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு. 1964இல் 864 ஆர்கான் அணுக்களை வைத்து இப்படிச் செய்து காட்டியவர் அனீசுர் ரஹ்மான். ஐதராபாத்தில் பிறந்தவர், நம் ஊரில் அதிகம் பேசப்படாதவர்.

ஆர்கானுக்கு எளிய சூத்திரம் போதும். உட்கருவின் விளிம்பிலோ அழுத்தம் நம் காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 33 லட்சம் மடங்கு, வெப்பம் 5000 கெல்வினுக்கு மேல். அங்கே விசையை எலக்ட்ரான்களின் குவாண்டம் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் சில நூறு அணுக்களோடு நிறுத்திக்கொள்வார்கள். அவ்வளவு சின்னக் கூட்டத்தில் கூட்டு நகர்வு சரியாகத் தெரியாது. 2023இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு ஒன்று, குவாண்டம் கணக்குகளைக் கொண்டு இயந்திரக் கற்றல் மாதிரியை (அந்த விடைகளைப் பார்த்துப் பழகி, விசையைச் சட்டென்று ஊகிக்கும் நிரல்) பழக்கி, சுமார் 30,000 அணுக்கள் வரை போனது. இரும்பின் அறுகோணப் படிக அடுக்கு அப்படியே இருக்க, அணுக்கள் கூட்டமாக இடம் மாறின.

சரி, நம்பலாமா? இதைச் சோதிக்க நிலநடுக்க அலைகள் இருக்கின்றன. உட்கருவில் குறுக்கலையின் (போகும் திசைக்குக் குறுக்கே ஆட்டும் அலை) வேகம் வினாடிக்குச் சுமார் 3.5 கிலோமீட்டர். அசையாமல் நிற்கும் இரும்பு அடுக்கைக் கணக்கிட்டால் இதைவிட நன்றாகவே கூடுதலாக வருகிறது. நகர்வைச் சேர்த்ததும் இரும்பு மென்மையாகி, வேகம் குறைகிறது.

ஆனால் இதே குறைவுக்கு வேறு விளக்கமும் உண்டு. 2022இல் வந்த ஒரு கணக்கில் இரும்பு அசையவில்லை. அதில் கலந்த ஹைட்ரஜன், கார்பன், ஆக்ஸிஜன் அணுக்கள் திரவம்போல ஓடின. அதிலும் வேகம் குறைந்தது. உங்கள் சந்தேகத்தை நான் இந்த இடத்தில்தான் வைப்பேன். கணக்குப் போட்டவர்கள் எவரும் குவாண்டம் விதியை மீறவில்லை, உட்கருவில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதில்தான் ஆளுக்கொரு அனுமானம். போதாததற்கு, அழுத்த அலைகள் (போகும் திசையிலேயே அழுத்தி விரிக்கும் நிலநடுக்க அலைகள்) அங்கே வடக்கு தெற்காகச் சற்று வேகமாகப் போகின்றன. எந்த மாதிரியானாலும் அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.